வாயில்லாப் பூச்சியும் சென்னை முதலாளியும்

கதையைத் தொடங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்மேல் எந்தத் தப்பும் இல்லை.

எங்கள் சொந்தக்காரர்களில் யாரைக் கேட்டாலும், "சுமதியோட பூச்சியாலதான் சென்னை ஆர்டரு பூட்ச்சு" என்பார்கள். கல்யாண வீட்டில் சொல்வார்கள், காதுகுத்தில் சொல்வார்கள். ஒரு தடவை சாவு வீட்டில்கூட, ஒரு மூலையில் யாரோ சொல்லப்போய், துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்டாகிவிட்டது. இனி என் தரப்பையும் யாராவது கேட்க வேண்டாமா? கேட்டுவிட்டு நீங்களும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டால் எனக்குக் கவலையில்லை. அந்தக் கட்சியில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

ஆரணியில் பட்டு வியாபாரி வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்துப்பூச்சி பிடிக்கும் என்பது, பால்காரர் வீட்டுப் பெண் திருட்டுப் பூனைக்குச் சோறு வைப்பது மாதிரி. எங்கள் வீட்டில் 'அந்து' என்ற வார்த்தையையே விளக்கு வைத்த பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். புடவை பீரோவில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தால் போதும், நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எழவு விழுந்தது போலத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். கூடத்தில் ஏதாவது சிறகடித்தால் அம்மா துடைப்பத்தோடு வருவாள். அவளுக்கு முன்னால் நான் கேமராவோடு போய்ச் சேர வேண்டும். வீட்டுக்குள் எனக்கும் அம்மாவுக்கும் தினமும் ஓட்டப் பந்தயம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வேலூருக்கு பஸ்ஸில் போய் வந்து விலங்கியல் படித்து முடித்திருந்தேன். (முதல் வகுப்பு. இதை அந்தக் காலத்தில் நான் வாக்கியத்துக்கு ஒரு தடவை சொல்வேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.) எங்கள் தெரு ஸ்டுடியோக்காரர் தூக்கிப் போடவிருந்த பழைய கேமரா ஒன்றைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டு, பக்கத்தில் குண்டு பல்பைக் கட்டிவிட்டால் போதும், பூச்சிகள் விருந்துக்கு வருவது போல வரும். அதே விரிப்பைத்தான் மறுநாள் நைனா கூடத்தில் போட்டு வியாபாரிகளுக்குப் புடவை விரித்துக் காட்டுவார். இது அவருக்குத் தெரியாது. இந்தக் கதையைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

வந்த பூச்சிகளுக்குப் பெயர் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே தடிப் புத்தகத்தில் எல்லாப் பூச்சிகளும் ஒரே காப்பித்தூள் நிறத்தில் இருந்தன. அதனால் எனக்குத் தெரிந்த புடவைப் பாஷையிலேயே நானாக அடையாளம் வைத்துக்கொண்டேன். உடல் என்ன கலர், கரை என்ன மாதிரி, முந்தியில் புட்டா உண்டா, கட்டமா கோடா என்று பார்ப்பேன். அரளிச் செடியிலிருந்து வந்த ஒரு பச்சைப் பூச்சிக்கு 'கிளிப்பச்சை, ரோஸ் கரை, முகூர்த்தத்துக்கு ஏற்றது' என்று எழுதி வைத்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் ரோலைக் கழுவிக் கொடுக்கும்போதெல்லாம், "இன்னாம்மா, ஒரு மனுச மூஞ்சி கூடவா கெடைக்கல உனுக்கு?" என்று கேட்பார். மனுச மூஞ்சிகள் எனக்கு அலுத்திருந்தன.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் அந்த யோசனை வந்தது. இந்த ஊரே ஒரு அந்துப்பூச்சியின் தயவில் சாப்பிடுகிறது. பட்டுப்புழு வளர்ந்தால் பட்டுப்பூச்சி, அதுவும் ஒரு அந்துப்பூச்சிதான், துணி அரிக்கும் அந்துவுக்குச் சொந்தம். அந்தப் பூச்சியை இந்த ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

"நைனா, பட்டுப்பூச்சிய நீ எப்பனா பாத்துருக்கியா?" என்று கேட்டேன்.

"நூல பாத்துருக்கறேன். தறியில பாவு பாத்துருக்கறேன். பூச்சிய பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கூட்டுக்குள் இருக்கும்போதே புழுவை வெந்நீரில் போட்டு நூலை எடுத்துவிடுகிறார்கள். பூச்சி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகிவிடும், நூல் அறுந்துவிடும். ஆகவே அது நூலாக வந்துதான் எங்கள் ஊருக்குப் பழக்கம். மூன்று தலைமுறையாகப் பட்டு விற்கும் குடும்பம், தனக்குச் சோறு போடுகிறவரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது ரொம்ப அநியாயமாகப் பட்டது. (எனக்கு இருபத்திரண்டு வயது. அநியாயங்கள் நிறையக் கண்ணில் படும் வயது.)

கண்ணமங்கலம் பக்கம் என் கல்லூரித் தோழி தேன்மொழியின் வீட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார்கள். அவளிடம் சொல்லி, வெந்நீருக்குத் தப்பிய ஒரு கை நிறையக் கூடுகளை வளையல் பெட்டிக்குள் பஞ்சு வைத்து வாங்கி வந்தேன். ஒரு வாரத்துக்குள் பூச்சி வந்துவிடும் என்றாள். கேமராவில் பாதி ரோல் மிச்சம் இருந்தது. அதை உயிரைப் போலக் காத்தேன். பெட்டியை என் அலமாரி மேல் ஒளித்து வைத்தேன். பட்டு வீட்டுக்குள் உயிருள்ள பூச்சியைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று தெரிந்தால் என்னையும் பெட்டியையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார்கள்.

அதே வாரத்தில்தான் நைனாவின் வாழ்க்கையில் பெரிய விஷயம் ஒன்று நடக்கவிருந்தது. அதுவரை அவர் புரோக்கர்கள் மூலமாகத்தான் புடவை விற்றுவந்தார். நல்ல சரக்கு எல்லாம் வேறு யாரோ பெயரில் போகும். இப்போது சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை முதலாளி, தானே நேரில் வந்து எங்கள் புடவையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் தீபாவளிக்கு நேரடி ஆர்டர். இனி எந்தப் புரோக்கர் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். நைனா அந்த ஆர்டருக்காகவே சந்தன நிறத்தில் மெலிசான கட்டம் போட்டு, அரக்குக் கரை வைத்து ஒரு புடவை நெய்ய வைத்திருந்தார். தறியிலிருந்து அறுத்து வந்த அன்று அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

முதலாளி புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். (இதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை.) செவ்வாய்க்கிழமை என் வளையல் பெட்டியைத் திறந்தால் பஞ்சு மட்டும் இருக்கிறது. கூடுகளைக் காணோம். வீடு துடைத்த அம்மா குப்பையில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். கேட்கவும் முடியாது, அழவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. தூசி தட்டிய அம்மா பெட்டியைப் பார்த்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்று பட்டுக்கூடு. பட்டு வீட்டில் பட்டுக்கூடு என்றால் லட்சுமி. கொண்டுபோய் நைனாவிடம் காட்டியிருக்கிறாள். நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆர்டருக்கு உதவட்டும் என்று நான்தான் எங்கேயோ தேடிப் பிடித்து, கடைசி நேரத்தில் கொடுப்பதற்காக மறைத்து வைத்திருக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

"பாத்தியா, பொண்ணு படிச்ச படிப்பு வீண்போகல. அசலு பட்டுன்னு வாயால சொன்னா எவன் நம்பறான்? பொடவை மேல கூட்டை வெச்சா, சொல்லாமலே சொன்ன மாதிரி!" என்றாராம்.

பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் சந்தனப் புடவையை மடித்து வைத்து, அதன்மேல் கூடுகளைக் கோலம் மாதிரி அடுக்கி, மல் துணியால் மூடி ஓரத்தைக் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். முதலாளியின் கையால்தான் முதலில் திறக்க வேண்டும், அதுதான் போணி என்று அம்மாவைக்கூடத் தொட விடவில்லை. வழக்கமாகப் போடும் பாச்சை உருண்டையையும் போடவில்லை. பெரிய மனுஷர் மூக்கில் அந்த நாற்றம் ஏறக்கூடாதாம். கூட்டுக்குள் உயிர் இருக்கும் என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. அவர்களைப் பொறுத்தவரை கூடு என்பது தேங்காய், மஞ்சள் மாதிரி ஒரு மங்களப் பொருள்.

முதலாளி புதன்கிழமை வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் கூடு கூடாகவே இருந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தை என் சொந்தக்காரர்கள் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளைக் கார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். முதலாளி கூடத்து விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா கேசரியும் காப்பியும் கொண்டுவந்தாள். அண்ணன் ரவி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் உள்ளறை வாசலில் நின்றேன். முதலாளி போணி செய்வதை ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லி நைனாவே கேட்டிருந்ததால் கையில் கேமரா. (ஆமாம், அவரே கேட்டார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

தாம்பாளத்தை நைனா இரண்டு கையாலும் தூக்கி வந்து முன்னால் வைத்தார். "உங்க கையால தொறக்கணுங்க முதலாளி. அசலு சரக்குங்க. உள்ள பாத்தீங்கன்னா நான் எதுவுமே சொல்ல வேண்டியதில்லீங்க."

முதலாளி முடிச்சை அவிழ்த்துத் துணியை விலக்கினார்.

நைனா சொன்னது உண்மை. எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புடவை மேல் குண்டு குண்டாக வெள்ளைப் பூச்சிகள். சில, பறக்கத் தெரியாமல் இறக்கையை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டம் சுற்றின. சில, வந்த இடம் பட்டு மெத்தை என்று பார்த்து வாலோடு வால் சேர்ந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சீக்கிரம் பிறந்த இரண்டு அம்மாக்கள் அதற்குள் முட்டையிட்டு முடித்திருந்தார்கள். கடுகை வரிசையாக ஒட்டியது போல, கட்டத்துக்குள் கட்டமாக. கூட்டைவிட்டு வெளியே வந்ததும் பட்டுப்பூச்சி ஒருவிதப் பழுப்புத் தண்ணீரைப் பீய்ச்சும் என்று நான் படித்திருந்தேன். எவ்வளவு பீய்ச்சும் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

"ஐயய்யோ, அந்து!" என்று முதலாளி உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் தாவினார். காப்பி விரிப்பில் கொட்டியது.

நைனா தோளில் இருந்த துண்டை உருவி அடிக்க ஓங்கினார். அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். எனக்கோ, காணாமல் போன பிள்ளைகள் எல்லாம் பெரியவர்களாகித் திரும்பி வந்தது போல் இருந்தது. நடுவில் போய் விழுந்தேன்.

"அடிக்காத நைனா! இது அந்து இல்ல, பட்டுப்பூச்சி!"

"இன்னாடி ஒளறிகினு இருக்கற? நவுரு!"

முதலாளி எழுந்து நின்று வேட்டியை உதறினார். "ஏம்மா, முப்பது வருஷமா பட்டு வியாபாரம் பண்றேன். எது அந்து, எது பட்டுன்னு எனக்கே சொல்லித் தர்றியா? இந்தப் பூச்சிய என் கடைக்குள்ள விட்டா ஒரு சரக்கு மிஞ்சுமா?"

இந்த இடத்தில் நல்ல பெண்ணாக இருந்தால் உள்ளே போயிருப்பாள். போயிருக்கலாம்தான். ஆனால் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது.

"முப்பது வருஷமா உங்களுக்குச் சோறு போடற பூச்சிங்க அது! செருப்பால அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூஞ்சியவாச்சும் பாருங்க சார்!" என்றேன்.

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அந்தச் சமயம் பார்த்து ஒரு ஆண் பூச்சி தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டி, முதலாளியின் வேட்டி நுனியைப் பற்றி, படபடவென்று அடித்துக்கொண்டே மேலே ஏறத் தொடங்கியது. அவர் சிலையானார். ஜன்னலிலிருந்து காலை வெயில் நேராக அந்தப் பூச்சியின் மேல் விழுந்தது. சீப்பு மாதிரி இரண்டு மீசை, கண்ணாடி மணி மாதிரிக் கறுப்புக் கண். அப்படி ஒரு வெளிச்சம் மொட்டை மாடியில் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"அப்டியே இருங்க சார். ஆடாதீங்க. லைட்டு நல்லா விழுது" என்று மண்டி போட்டேன்.

ஆறேழு படம் எடுத்தேன். வெட்கப்படவில்லை. இன்றைக்கும் படவில்லை.

கடைசிப் படத்தின் ஃப்ளாஷ் முகத்தில் அடித்ததும் முதலாளிக்கு உயிர் வந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு ஓடி, காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கேசரியை அவர் தொடவே இல்லை.

நைனா அப்படியே விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் தாம்பாளத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தப் புடவையை அவர் ஏந்திக்கொண்டு நடந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "இதுங்க பொடவைய எம்மாம் துன்னுகினு இருக்கும்?" என்றார்.

"ஒண்ணும் துன்னாது நைனா. துணிய துன்றது அந்துவோட புழு. இதுங்க எதையுமே துன்னாது. முட்ட போட்டுட்டு நாலஞ்சு நாள்ல செத்துடும். இதுக்கு வாய்னு ஒண்ணு இருந்தும் இல்லாத கணக்குதான்."

"வாயே இல்லியா?"

வாயில்லாப் பூச்சி என்று நாம் சாதுவானவர்களைச் சொல்கிறோமே, உண்மையிலேயே அப்படி ஒன்று இருக்கிறது என்பது நைனாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பூச்சியை விரல்மேல் ஏற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார். சட்டைகூடப் போடாமல் மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். விரல்மேல் இருந்த பூச்சியோடுதான் போனார் என்று அண்ணன் இன்றும் சத்தியம் செய்வான்.

காந்தி சிலையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அந்த வெள்ளைக் கார் மாட்டி நின்றிருந்ததாம். நைனா பக்கத்தில் மொபெட்டை நிறுத்தி, கண்ணாடியைத் தட்டி, "மொதலாளி! அதுக்கு வாயே இல்லீங்க மொதலாளி! வாயே இல்லீங்க!" என்று கத்தியிருக்கிறார். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்திருக்கிறார்கள். யாருக்கு வாய் இல்லை, எதற்காக இவர் வெற்றுடம்போடு கத்துகிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. முதலாளி கண்ணாடியை இறக்கவில்லை. நெரிசல் விலகியதும் கார் போய்விட்டது.

ஆர்டர் போனது போனதுதான். நைனா மறுபடியும் புரோக்கர்களிடமே போனார். "மொதல்ல அந்தக் கேமராவ தூக்கிக் கடாசு. பேஜாரு புடிச்ச பொண்ணு" என்று அம்மா ஒரு வாரம் கத்தினாள். நைனாவோ ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவையில் ஒட்டியிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்த்து ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். முழுசும் எடுத்த பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்தா. கூடு குடுத்த அந்தப் பொண்ணு ஊட்டுக்கே அனுப்பிடு. மூணு தலமுறயா இதுங்கள வெந்நீர்ல போட்டுத்தான் துன்னுகினு இருக்கறோம். இந்த ஒரு கூட்டமாச்சும் பொழைக்கட்டும்."

ரோல் கழுவி வந்தது. பூச்சிப் படங்கள் எல்லாம் அற்புதமாக வந்திருந்தன. கடைசிப் படத்தில் முதலாளியின் முகமும் இருந்தது. ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கிக் கொடுத்து, "கடசீல ஒரு மனுச மூஞ்சி கெடச்சுதுமா" என்றார்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசியும் புடவையின் பழுப்புக் கறைகள் போகவில்லை. விற்க முடியாத அந்தப் புடவை, இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பீரோவிலிருந்து வெளியே வந்தது. வெளியே எடுத்தது நான். "இதத்தான் கட்டுவேன்" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கறையெல்லாம் கொசுவத்துக்குள் போய்விடும் என்று நான் ஏற்கெனவே மடித்துப் பார்த்துவிட்டேன்.

முகூர்த்த நேரத்தில் புடவைத் தட்டை ஐயர் என்னிடம் நீட்டினார். நைனா குறுக்கே கையை விட்டுப் புடவையை எடுத்தார். சபை பார்க்க, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், மூன்று தடவை பலமாக உதறினார். கீழே குனிந்து ஏதாவது விழுந்ததா என்று பார்த்தார். பிறகுதான் என் கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் அண்ணனிடம் ரகசியமாக விசாரித்தார்.

"எங்க பக்கத்து சம்பிரதாயங்க. மூணு தபா ஒதறினா பட்டுக்குள்ள இருக்கற லட்சுமி எழுந்துக்கும்" என்றான் அந்தப் பாவி, கண்கூடச் சிமிட்டாமல்.

அவர்கள் நம்பிவிட்டார்கள். அடுத்து என் நாத்தனார் கல்யாணத்தில் அவர்களும் உதறினார்கள். அங்கே பெண் எடுத்தவர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பூசை செய்யும் ஐயரே, "மூணு தடவை உதறணும், அதுதான் ஐதீகம்" என்று மாப்பிள்ளையின் அப்பாவை அதட்டுவதை என் காதால் கேட்டேன். உண்மை தெரிந்த எங்கள் ஆட்கள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஒரு ஆர்டர் போனதற்கு ஊரெல்லாம் ஒரு சடங்கு கிடைத்திருக்கிறது. பட்டுக்குள் ஒரு உயிர் இருக்கிறது என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது யாரோ நினைத்துப் பார்க்கிறார்கள். இதைச் சாதிக்க முதல் வகுப்பில் தேறிய வேறு எந்த விலங்கியல் மாணவியால் முடிந்தது?

போன மாதம்கூட ஒரு கல்யாணம். மாம்பழ மஞ்சளில் அழகான புடவை. உதறினார்கள். நான் முன்வரிசையில் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் விழவில்லை. எல்லோரும் நிம்மதியாகச் சிரித்து அட்சதையைக் கையில் எடுத்தார்கள்.

நான்தான் இன்னொரு தடவை உதறச் சொன்னேன்.